உப்புத் தொட்டியின் நுரை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் உள்ள தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை தோள் இடிபடாமல் நடக்க முடியாது. போன மாதம் அண்ணன் மகன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். கடல்மீன் வளர்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆறு மாத ஆசை. வண்டியில் வரும்போதே கேட்டுவிட்டான்: “சித்தப்பா, நூறு லிட்டர் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர் வாங்கறது? நீங்க வெச்சிருக்கறதையே வாங்கிடவா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கடையில் அவனை நிறுத்தி, அடுத்தடுத்து இருந்த இரண்டு தொட்டிகளைக் காட்டினேன். ஒன்றில் நல்ல தண்ணீர், அதில் தங்கமீன்கள். மற்றதில் உப்புத் தண்ணீர், அதில் பிள்ளைகள் நீமோ என்று அழைக்கும் கோமாளி மீன்கள். இரண்டுக்கும் ஒரே காற்று மோட்டாரிலிருந்து குழாய் பிரிந்து போகிறது. இரண்டின் அடியிலும் ஒரே மாதிரியான காற்றுக்கல். ஆனால் நல்ல தண்ணீரில் குமிழிகள் குண்டுமணி அளவுக்குப் பெருத்து, மேலே வந்ததும் பட்டென்று உடைகின்றன. உப்புத் தண்ணீரில் அதே காற்று புகைபோல மெல்ல எழுகிறது. குமிழிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

உப்புத் தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் இன்னொரு சிறு தொட்டி இருந்தது. சென்னையில் சம்ப் என்றால் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மீன் வளர்ப்பவர்களுக்குச் சம்ப் என்றால் இதுதான். அதற்குள் ஒரு முழ உயரத்தில் அக்ரிலிக் உருளை ஒன்று நின்றது. அவன் கேட்ட ஸ்கிம்மர் அதுதான். உள்ளே பால்போல வெள்ளையாகக் குமிழிக்கூட்டம் சுழன்றுகொண்டிருந்தது. உச்சியில் குறுகிய கழுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு டிகாஷன் நிறத்தில் ஏதோ தேங்கியிருந்தது. கடைக்காரர் மூடியைத் திறந்ததும் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தொட்டித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. உருளைக்குள் போவது வெறும் காற்று. அப்படியானால் இந்த டிகாஷன் எங்கிருந்து வந்தது? ஒரே காற்று ஒரு தொட்டியில் குண்டுமணியாகவும் இன்னொன்றில் புகையாகவும் எழுவது ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், எந்த ஸ்கிம்மர் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தானாகவே வந்துவிடும்.

முதலில் டிகாஷனைப் பார்ப்போம். குக்கர் வருவதற்கு முன்னால் துவரம்பருப்பை வெறும் பாத்திரத்தில் வேகவைத்தார்கள். கொதி வந்ததும் அழுக்கு வெள்ளையில் நுரை திரளும். அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டுவார்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் குமிழி வரும், ஆனால் நுரை நிற்காது. பருப்பிலிருந்து கரைந்து வந்த புரதமும் சப்போனின் என்ற சவக்காரப் பொருளும்தான் அந்தக் குமிழிகளை உடையாமல் பிடித்து வைக்கின்றன. குமிழி எழும்போது அவை அதன் தோலில் ஏறிக்கொள்கின்றன. நுரையை வழித்தால் நுரையோடு அவையும் வெளியே வந்துவிடும். மீன் தொட்டியின் கீழே நிற்கும் உருளை இந்த வேலையைத்தான் இரவு பகலாகச் செய்கிறது. ஆங்கிலப் பெயரை மாற்றிப் புரத ஸ்கிம்மர் என்கிறார்கள். நடக்கும் வேலையை வைத்துப் பார்த்தால் நுரைப்பிரிப்பான் என்று சொல்லலாம்.

குமிழியின் தோலில் ஏறுவதற்குப் புரதத்துக்கு என்ன அவசியம்? புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்தது. அந்த மணிகளில் சிலவற்றுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. பாடப்புத்தகங்கள் இவற்றை நீர்விரும்பும் பகுதி, நீர்வெறுக்கும் பகுதி என்கின்றன. தண்ணீருக்கு நடுவே இருக்கும்போது நீர்வெறுக்கும் பகுதிக்கு நிம்மதி இல்லை. சங்கிலி தன்னைச் சுருட்டி அதை உள்ளே மறைத்துக்கொள்ளப் பார்க்கும். காற்றும் நீரும் சந்திக்கும் ஓரத்துக்கு வந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு பகுதி நீரில் இருக்க, மற்றது காற்றுப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். நெரிசலான பேருந்தில் மூச்சு முட்டும் ஆள் படிக்கட்டுக்கு வந்து, ஒரு கால் உள்ளேயும் உடல் வெளியேயுமாகத் தொங்குவதுபோல. ஒருமுறை படிக்கட்டில் இடம் கிடைத்துவிட்டால் அவர் திரும்ப உள்ளே போகமாட்டார்.

இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். உறிஞ்சுதல் வேறு. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஈரச் சுவரில் தூசி ஒட்டுவதைப்போல மேல்தோலில் மட்டும் பொருள் சேர்வது பரப்புக் கவர்தல். குமிழிக்கு உள்ளே அழுக்கு போவதே இல்லை, எல்லாம் அதன் தோலில்தான். ஆகவே குமிழிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைவிட, அந்தக் காற்றுக்கு எவ்வளவு தோல் இருக்கிறது என்பதே கணக்கு.

நீரின் தோலில் இப்படி ஒரு படலம் சேர்கிறது என்பதை அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஒரு பெண். 1862இல் பிறந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தார். பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத காலம். தம்பி இயற்பியல் படிக்கப் போனார். அக்கா நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சவக்காரமும் சேரும்போது நீரின் மேற்பரப்பு மாறுவது அவர் கண்ணில் பட்டது. இருபது வயதை ஒட்டி அவரே ஒரு கருவி செய்துகொண்டார். விளிம்புவரை நீர் நிரப்பிய நீண்ட தகரத் தொட்டி, அதன் குறுக்கே வைத்த ஒரு தகரப் பட்டை, தராசில் தொங்கவிட்ட ஒரு சிறு வட்டு, அவ்வளவுதான். பட்டையை நகர்த்தி நீரின் மேற்பரப்பை நெருக்குவார். பிறகு வட்டை நீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று தராசில் பார்ப்பார். அந்த விசைதான் பரப்பு இழுவிசையின் அளவு.

அவர் கண்டது இது. அழுக்குப் படிந்த நீர்ப்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கும்போது தொடக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நெருங்கியதும் இழுவிசை சடசடவென்று சரிந்தது. படிக்கட்டில் ஆட்கள் இடைவெளி விட்டு நிற்கும்வரை ஒருவருக்கு இன்னொருவர் தெரியாது. தோள் முட்டத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. 1891 ஜனவரியில் இந்த முடிவுகளை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை நேச்சர் இதழுக்கு அனுப்பிவைக்க, மார்ச் மாதம் அச்சில் வந்தது. பின்னாளில் இர்விங் லாங்மூர் மேற்பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பயன்படுத்திய தொட்டி, பொக்கெல்ஸின் சமையலறைத் தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான். மீன் தொட்டியின் கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மணியின் ஞாபகம் வரும்.

இனி இரண்டாவது புதிர். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அரை லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முக்கால் அளவுக்குக் குடிதண்ணீர். ஒன்றில் மட்டும் ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, கலங்கல் தெளியவிடுங்கள். கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஏறக்குறைய அந்தக் கரிப்பு வந்தால் போதும். இரண்டையும் மூடி, ஒரே வேகத்தில் பத்துத் தடவை குலுக்கி மேசைமேல் வையுங்கள். நல்ல தண்ணீர் சட்டென்று தெளிந்துவிடும். உப்புத் தண்ணீர் சில விநாடிகள் பால்போல வெளுத்து நின்று, அப்புறம்தான் தெளியும்.

குமிழிகள் பிறக்கும்போது இரண்டிலும் சிறிதாகத்தான் பிறக்கின்றன. நல்ல தண்ணீரில் இரண்டு குமிழிகள் தொட்டுக்கொண்டால் இடையிலுள்ள நீர்ப்படலம் உடனே வடிந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று இரண்டை விழுங்கி, இரண்டு நான்கை விழுங்கி, மேலே வருவதற்குள் குண்டுமணி ஆகிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் குமிழிகள் முட்டிக்கொண்டாலும் எளிதில் ஒட்டுவதில்லை. சிறிதாகவே இருந்து, மெதுவாக ஏறுகின்றன.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் கிரெய்க், பாரி நின்ஹாம், ரிச்சர்ட் பாஷ்லி ஆகிய மூவர் 1993இல் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். குமிழிகள் ஏறும் நீர்க்குழாயின் குறுக்கே ஒளியைச் செலுத்தி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். குமிழி சிறியதாக ஆக ஆக நீர் வெளுத்து ஒளியை மறைக்கும். எவ்வளவு உப்பில் அது மறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். சாதாரண உப்பு இந்த மாற்றத்தைச் செய்யும் அளவு நம் இரத்தத்தின் உப்பளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல்நீர் அதைத் தாராளமாகத் தாண்டியது. வியப்பு என்னவென்றால் எல்லா உப்பும் இதைச் செய்வதில்லை. சில சேர்மங்கள் எவ்வளவு சேர்த்தாலும் குமிழிகள் இணைவதைத் தடுப்பதே இல்லை. இந்த வேறுபாட்டுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்னும் வரவில்லை. பாட்டிலைக் குலுக்கினால் தெரிகிற ஒரு விஷயம் ஆராய்ச்சியாளர்களை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

உப்பு மட்டும் இருந்தால் சிறு குமிழி வரும், நுரை நிற்காது. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அதே உப்புப் பாட்டிலில் ஒரு சொட்டு முட்டை வெள்ளைக்கருவை விட்டுக் குலுக்கிப் பாருங்கள். இப்போது மேலே நுரை கட்டி, நெடுநேரம் நிற்கும். குமிழியைச் சிறிதாக்குவது உப்பு. சிறு குமிழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்துவது புரதம். 2019 நவம்பர் கடைசியில் மழைக்குப் பின் பட்டினப்பாக்கம், மெரினா கரையில் இடுப்பளவு நுரை ஒதுங்கிப் பல நாள் நின்றதை நினைவிருக்கும். பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடினார்கள். கடல் அலை எப்போதும் சிறு குமிழிகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளத்தோடு வந்த சாக்கடை நீரும் சலவைத்தூள் எச்சமும் அந்தக் குமிழிகளுக்குத் தோலாகிவிட்டன. பிள்ளைகள் அள்ளி விளையாடியது நகரத்தின் கிண்ணத்தில் சேரவேண்டிய டிகாஷன். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

இப்போது உருளைக்கு வருவோம். மோட்டாரின் சுழலியில் விசிறி இலைகளுக்குப் பதிலாக ஊசி ஊசியாகக் கம்பிகள் இருக்கும். கடைகளில் நீடில் வீல் என்பார்கள். அது காற்றையும் நீரையும் சேர்த்து இழுத்து, காற்றைப் பொடிப்பொடியாக அரைத்து உருளைக்குள் தள்ளும். பழைய வகைகளில் மரத்தாலான காற்றுக்கல் இந்த வேலையைச் செய்தது. 1960களில் ஜெர்மனியில் வீட்டுத் தொட்டிகளுக்கு வந்த முதல் கருவிகள் அப்படிப்பட்டவை.

அரைப்பதில் அப்படி என்ன லாபம்? ஒரு லிட்டர் காற்று ஒரே குமிழியாக இருந்தால் அதன் தோல் ஒரு சிறு துண்டுத்துணி அளவுகூட வராது, 500 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே காற்றை ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் ஏறத்தாழ 19 லட்சம் குமிழிகள், மொத்தத் தோல் 6 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டராக உடைத்தால் 12 சதுர மீட்டர், ஒரு படுக்கையறையின் தரை. ஒரே பெரிய பேருந்தைவிட நூறு ஷேர் ஆட்டோக்களில் தொற்றிக்கொள்ள இடம் அதிகம் அல்லவா? மணிக்கு 300 லிட்டர் காற்றை இழுக்கும் ஒரு சாதாரண ஸ்கிம்மர் அதை அரை மில்லிமீட்டருக்கு அரைத்தால், ஒரு மணி நேரத்தில் 3,600 சதுர மீட்டர் தோலை நீருக்குள் விரிக்கிறது. நில அளவில் சொன்னால் 89 சென்ட், ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

குமிழிகள் ஏறும் வழியில் படிக்கட்டு நிரம்ப வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், அமைதியும் வேண்டும். ஆகவே உருளை அகலமாக இருக்கிறது. சிலவற்றில் அடியில் ஓட்டைகள் போட்ட தட்டு ஒன்றை வைத்து மோட்டாரின் கொந்தளிப்பை அடக்குகிறார்கள். உச்சிக்கு வந்த குமிழிகள் கழுத்தில் நெருங்கி நுரையாகின்றன. அங்கே நுரைக்கு இடையில் இருக்கும் நீர் மெல்லக் கீழே வடிகிறது. தோலும் தோலில் ஏறியதும் மட்டும் மேலே நகர்ந்து, விளிம்பைத் தாண்டிக் கிண்ணத்தில் விழுகின்றன. நீர் மட்டத்தை உயர்த்தி வைத்தால் நுரை வடிவதற்கு முன்பே வழிந்து, கிண்ணத்தில் வெளிர் தேநீர்போல நிறைய சேரும். தாழ்த்தி வைத்தால் டிகாஷன்போலக் கெட்டியாக, கொஞ்சமாகச் சேரும். நான் இரண்டுக்கும் நடுவே வைக்கிறேன். மிகக் கெட்டியாக வைத்தால் அழுக்கு கழுத்துச் சுவரிலேயே காய்ந்துவிடுகிறது.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? மீன் தீவனத்தில் பாதிக்கு அருகே புரதம். தின்னாமல் விட்டதும், தின்று கழித்ததும் அழுகினால் அமோனியா ஆகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். 200 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு கிராம் தீவனம் போடுகிறீர்கள், எதையும் வெளியே எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட் ஆனால் ஒரு நாளைக்கு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் ஏறும், மாதக் கடைசியில் 48. மீன் வளரும்போது கொஞ்சத்தை உடம்பில் வைத்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனாலும் பவளம் வளர்ப்பவர்கள் பத்துக்குள் வைத்திருக்கப் பாடுபடும் எண் அது. அழுக்கு அழுகுவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவதுதான் ஸ்கிம்மரின் பெருமை. வடிகட்டிப் பஞ்சு அழுக்கைப் பிடித்தாலும், கழுவும்வரை அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகும். கிண்ணத்தில் விழுந்ததோ தண்ணீரை விட்டே வெளியேறிவிட்டது.

எல்லாவற்றையும் எடுத்துவிடுமா? விளம்பரங்களைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கென் ஃபெல்ட்மேன் தாமும் பவளத் தொட்டி வைத்திருந்தவர். அவரும் உடன் உழைத்தவர்களும் 2009, 2010இல் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். முதலில் மாட்டு இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை உப்பு நீரில் கரைத்து, பல வகை ஸ்கிம்மர்களை ஓடவிட்டு, நேரம் ஆக ஆக எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். பிறகு உண்மையான பவளத் தொட்டி நீரையே எடுத்து, அதில் கரைந்திருந்த கரிமப் பொருளின் மொத்த கார்பனை அளந்தார்கள். எந்த வகைக் கருவியானாலும் சுமார் 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. அதற்குமேல் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குறையவில்லை. ஊசிச்சக்கரம், காற்றுக்கல் என்ற வகை வேறுபாட்டால் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை.

காரணத்தை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றுக்கும் படிக்கட்டு ஆசை கிடையாது. சர்க்கரை வகைகளும் யூரியாவும் அமோனியாவும் நைட்ரேட்டும் தண்ணீரிலேயே சுகமாக இருப்பவை. எத்தனை சென்ட் தோலை விரித்தாலும் அவை ஏறமாட்டா. கிண்ணத்தில் சேர்ந்ததை ஃபெல்ட்மேன் குழுவினர் காயவைத்துப் பகுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கடல் உப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், திடப்பொருளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், மக்னீசியம் கார்பனேட், சிலிக்கா ஆகியவை. கரிமப் பொருள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலானது கரையாத துகள். புரத ஸ்கிம்மர் என்ற பெயர் பாதிதான் பொருந்துகிறது. நுரை தன் வழியில் மிதக்கும் துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. டயாட்டம் என்ற கண்ணாடிக்கூட்டுப் பாசிகளும் அப்படிப் போகின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடைக்குள் நுழைந்தால் பெட்டியின்மேல் இருக்கும் முதல் எண்ணே இடிக்கும். ‘500 லிட்டர் வரை’, ‘800 லிட்டர் வரை’. இதை அளப்பதற்குப் பொதுத்தரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. இன்னொன்று, லிட்டர் என்பதே தவறான கேள்வி. அழுக்கு தண்ணீரிலிருந்து பிறப்பதில்லை, தீவனத்திலிருந்து பிறக்கிறது. 200 லிட்டரில் இரண்டு மீன் இருக்கும் வீடும் பத்து மீன் இருக்கும் வீடும் பெட்டியின் எண்ணுக்கு ஒன்றுதான். நுரைக்கு அப்படி இல்லை.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். என் 200 லிட்டர் தொட்டிக்கு ‘800 லிட்டர் வரை’ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கடையிலும் சொன்னார்கள். கழுத்து ஒரு சொம்பு வாய் அகலம். உள்ளே இருந்தவை ஆறு சிறு மீன்கள். நுரை தினமும் கழுத்தில் பாதிவரை ஏறும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமிழும். மூன்று வாரம் கிண்ணம் காய்ந்தே கிடந்தது. சோதனைக் குப்பியில் நைட்ரேட் நிறம் மட்டும் சிவந்துகொண்டே போனது. கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அவ்வளவு அகலமான கழுத்தை நிரப்பி மேலே ஏற வேண்டிய நுரைக்குத் தோலாக இருக்க, ஆறு மீன்களின் அழுக்கு போதவில்லை. தோல் மெலிந்த குமிழிகள் விளிம்புக்கு வரும் முன்பே உடைந்தன. ஒரு டம்ளர் வாய் அகலக் கழுத்துள்ள சிறிய ஒன்றுக்கு மாற்றினேன். ஒரே வாரத்தில் கிண்ணத்தில் டிகாஷன் நின்றது.

ஆகவே நான் பார்ப்பது, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது, கழுத்து எவ்வளவு அகலம் என்ற இரண்டும்தான். நாம் போடும் தீவனத்துக்கு அவை பொருந்த வேண்டும். அடுத்து சம்ப்பில் எந்த நீர்மட்டத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள் என்று கேட்பேன். மட்டம் இரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினால்கூட நுரை தடுமாறும். கிண்ணத்தை ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பார்ப்பேன். கழுத்துச் சுவரில் பிசுக்கு படிந்தால் நுரை அதில் பட்டு உடையும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்தாக வேண்டும். கழற்றக் கஷ்டமான கிண்ணத்தை யாரும் துடைப்பதில்லை. மோட்டார் கிடைக்கிறதா, அதன் சுழலி தனியாகக் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். உப்பில் முதலில் தேய்வது அதுதான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மே மாதத்தில் தொட்டி 30 டிகிரியைத் தொடும்போது கடல்நீரால் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனைத்தான் தாங்க முடியும். அப்போது இரவில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்காமல் இருப்பதற்கு, அந்த 89 சென்ட் தோல் வழியே நீருக்குள் நுழையும் காற்றும் ஒரு காரணம். ஆனால் அறையில் என்ன இருக்கிறதோ அதுவும் நுழையும். கொசுவிரட்டித் திரவம் எரியும் அறையில் காற்றுக்குழாயின் வாய் இருக்கவே கூடாது. அதிலுள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி நமக்குச் செய்யும் கேட்டைவிட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு கேடு செய்யும். குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவது நல்லது.

ஒரு நாள் காலை கிண்ணம் காய்ந்திருந்தது, உருளைக்குள் நுரையே இல்லை. மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தபோது, முந்தின இரவு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கையைச் சரியாகக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டுக் கல்லை நகர்த்தியது நினைவுக்கு வந்தது. பருப்பு பொங்கி வழியாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள் அல்லவா, அதே சொட்டுதான். எண்ணெய் குமிழித் தோலில் பரவி அதை மெலியவைத்து உடைத்துவிடும். மறுநாள் மாலை நுரை திரும்பியது. புதுக் கருவி முதல் சில நாள்கள் நுரைக்காமல் அடம்பிடிப்பதற்கும், தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு ஒரு காரணம். வினிகர் கலந்த நீரில் கழுவிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கடைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டே அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சித்தப்பா, எனக்கு ரெண்டே ரெண்டு நீமோதான். பவளம் வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்க” என்றான். சொன்னதுதான். மன்னார் வளைகுடாப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. கோமாளி மீனோ பண்ணையில் பொரிந்து வளர்கிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். கடலைத் தொடாமலே வளர்க்கலாம்.

“தினம் எவ்வளவு தீவனம் போடுவே?”

“ஒரு சிட்டிகை.”

இரண்டு சிறு மீனுக்கு ஒரு சிட்டிகை, நூறு லிட்டர் தண்ணீர். தீவனக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வாரம் 15 லிட்டர் தண்ணீரை மாற்றினால் ஸ்கிம்மர் இல்லாமலே சமாளிக்கலாம் என்று வந்தது. மின்சாரச் செலவும் இல்லை, சத்தமும் இல்லை. அவன் முகம் கொஞ்சம் வாடியது. அந்த உருளைக்குள் சுழலும் வெண்மை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது, எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. கடைசியில் அவன் வாங்கியது ஒரு உப்பு மூட்டை, உப்பளவு பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்று, 15 லிட்டர் கோடு போட்ட நீல பக்கெட் ஒன்று. மூன்றாவது மீன் வேண்டும் என்று தோன்றும் நாளில் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.